இடப்பக்கச் செடி

ஜனவரி 4, வியாழன்

காலை 6:10. ரத்த அழுத்தம் 142/88. குழாயில் தண்ணீர் வரும் நாள். இரண்டு தொட்டிகளையும் நிரப்பியாயிற்று. முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறியிருக்கிறது. பந்தம் கட்டிக் கொளுத்திவிடலாம் என்கிறாள் சௌந்தரம். வேப்பெண்ணெய்க் கரைசல் போதும் என்றேன். என் தங்கைக்கு எதையும் அன்றைக்கே முடித்தாக வேண்டும்.

பதினோரு மணிக்கு ஒரு போன். "சார், நான் பூபாலன்" என்றது குரல். பல வருடமாகப் பேசாத ஆள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறாராம். "சரி" என்றேன். போனை வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியவை வரிசையாக வந்தன. ஒரு தாளில் எழுதி எண் போட்டேன். பதினேழு. தாளை மடித்து இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

பூபாலன் யார் என்று எனக்கு நானே எழுதிக்கொள்ளத் தேவையில்லை. ஆனாலும் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. 1986-ல் நான் கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர். முனைவர் பட்டத்துக்காக வருசநாட்டு மலையில் தும்பிப்பாறை என்ற பளியர் பழங்குடிக் குடியிருப்புக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அங்கே சடையாண்டி என்ற வைத்தியரிடம் கேட்டுப் பதினான்கு மருந்துச் செடிகளை ஒரு நீல நோட்டில் எழுதினேன். பூபாலன் எங்கள் துறைத்தலைவரின் ஆய்வு மாணவர். என் அறையில்தான் அவருக்கும் மேசை. நீல நோட்டு காணாமல் போனது. ஒன்றரை வருடம் கழித்து அது அவருடைய ஆய்வேடாக வந்தது. நன்றியுரையில் என் பெயரும் இருந்தது: "உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி உதவிய திரு. குருபாதம் அவர்களுக்கு."

அவர் முனைவர் ஆனார், துறைத்தலைவர் ஆனார். ஓய்வு பெறும் வரை நான் திரு. குருபாதம்தான்.

ஜனவரி 7, ஞாயிறு

148/92. பெரிய கார். தெருவில் திருப்ப முடியாமல் டிரைவர் பால்காரரிடம் திட்டு வாங்கினார். பூபாலன் தலைமுடிக்குச் சாயம் போட்டிருக்கிறார். ஒரு கூடை ஆப்பிள், ஒரு பெட்டி மருந்து.

"சார் அப்படியே இருக்கீங்க. ஒரு முடிகூட மாறல."

"உக்காருங்க" என்றேன். காப்பியில் சீனி போதுமா என்றும் கேட்டேன். பதினேழில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

அவர் இப்போது ஒரு மருந்து நிறுவனத்தின் ஆலோசகர். பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். 'சடையாண்டி மூட்டுக் கஷாயம்.' லேபிளில் சடையாண்டியின் முகம். அந்தப் படத்தை எடுத்தவன் நான். ஓரத்தில் என் குடையின் கைப்பிடி விழுந்திருந்தது. அதை வெட்டிவிட்டிருக்கிறார்கள்.

"ஒம்போதாவது மருந்து சார். மூட்டு வலிக்கு. ஞாபகம் இருக்கா?"

"கொஞ்சம்."

"ஒரு சின்ன ஃபார்மாலிட்டி. லைசென்ஸ் ஆபீஸ்ல ஒரு புது அதிகாரி. மூலச் செடியைச் சேகரிச்சவர் உயிரோட இருந்தா, அவர்கிட்ட ஒரு சான்று வாங்கிட்டு வாங்கன்னு உக்காந்துட்டார். உலர்ந்த செடியெல்லாம் ஒட்டி வச்சிருக்கிற காலேஜ் ஹெர்பேரியத்துல 209-ஆம் நம்பர் தாள்ல சேகரிச்சவர்னு உங்க பேருதான சார் இருக்கு?"

"உயிரோடதான் இருக்கேன்" என்றேன்.

அவர் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். பத்து நாள் அவகாசம் கேட்டேன். பிப்ரவரி 25 வெளியீட்டு விழாவாம். அழைப்பிதழில் என் பெயரையும் போடுவாராம்.

அவர் போனதும் சௌந்தரம் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். "அடியில இருக்குறது பூரா அழுகல்ணே. மேல மட்டும் பளபளன்னு அடுக்கியிருக்காரு." பிறகு என்னைப் பார்த்தாள். "உங்க வாயில இருந்ததப் புடுங்கித் தின்ன மனுசன். அவருக்குச் சீனி போதுமான்னு கேக்குறீகளே, உங்கள என்ன சொல்ல?"

ஜனவரி 8, திங்கள்

பரணிலிருந்து பச்சை நோட்டை எடுத்தேன். நாப்தலின் வாசனை. பூச்சி அரிக்கவில்லை.

எல்லாப் பளியர் குடிகளிலும் இந்த வழக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது. சடையாண்டியின் குடும்பத்தில் இருந்தது. மருந்துச் செடியை அவர்கள் கையால் சுட்டுவதில்லை. அதன் பக்கத்துச் செடிமேல் கையை வைப்பார்கள். வைத்தியர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாரோ, அந்த நிலையில் அவருடைய கைக்கு இடப்பக்கம் இருப்பதுதான் மருந்து. பார்க்கிறவருக்கு இது தெரியும் என்பதால் யாரும் சொல்லுவதில்லை. எனக்குத் தெரியாது. முதல் வருடம் அவர் கை வைத்த செடிகளையே எழுதினேன், பறித்தேன், உலர்த்தினேன், தாளில் ஒட்டினேன். பதினான்கும் தவறு.

1987 செப்டம்பரில் தாள்களை மலைக்குக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். ஒன்பதாவதைப் பார்த்து அப்படிச் சிரித்தார்.

"இது எதுக்கு சாமி? இதத் தின்ன ஆடு மூணா நாளு ரத்தமா மூத்திரம் பேஞ்சு செத்துச்சு."

"நீங்கதான இதுமேல கை வச்சுக் காட்டுனீங்க?"

"கை வச்சது இதுல. சொன்னது அதுக்கு இடப்பக்கத்துல." பிறகு பொறுமையாக விளக்கினார். "மருந்தையும் குத்தம் பண்ணுனவனையும் நேரா வெரல் நீட்டிச் சொல்லப்படாது. ஓடி ஒளிஞ்சுக்கும். பக்கத்துல கைய வச்சு விட்டுறணும். தெரிஞ்சவனுக்குத் தெரியும்."

அவருடைய மகள் செவந்தி அப்போது பன்னிரண்டு வயதுப் பெண். அவளும் சிரித்தாள். எனக்குக் காது சூடானது இன்னும் நினைவிருக்கிறது. அந்த மாதமே எல்லாவற்றையும் பச்சை நோட்டில் திருத்தி எழுதினேன். அதன் பிறகுதான் நீல நோட்டு காணாமல் போனது. அலமாரிப் பூட்டு உடைந்திருக்கவில்லை.

ஆக, பூபாலன் என்னிடமிருந்து எடுத்தது என் தவறுகளை. அவருடைய பட்டம், பதவி, பாட்டில் எல்லாம் அதன்மேல் நிற்கின்றன. இதை முப்பத்தாறு வருடமாக நான் ஒருவன் மட்டும் அறிந்து வைத்திருக்கிறேன்.

இரண்டு செடிகளின் பெயர்களையும் இங்கே எழுதவில்லை. எழுத வேண்டிய இடம் வரும்.

ஜனவரி 10, புதன்

132/82. சான்றுக்கு ஆறு வரைவுகள். பொய் எழுத என்னால் முடியாது. உண்மையை எழுதிவிட்டால் பூபாலன் தப்பித்துக்கொள்வார். அவரே சோதித்துக் கண்டுபிடித்ததாகச் சொல்லி, செடியை மாற்றி, அதற்கும் மேடை போடுவார். விழா முடியட்டும். மாலை விழட்டும். மறுநாள் காலை பச்சை நோட்டின் நகல் எல்லாப் பத்திரிகைகளுக்கும் போகும்.

இரண்டு வருடத்தில் இன்றுதான் மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி 15, திங்கள்

126/78. பொங்கல். சௌந்தரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கீக?" என்றாள்.

ஜனவரி 17, புதன்

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். வாசகம் இது: "209-ஆம் எண் தாளில் உள்ள செடி, 1986 நவம்பர் 12 அன்று சடையாண்டி அவர்கள் என் முன்னிலையில் கை வைத்துக் காட்டிய செடியே என உறுதி கூறுகிறேன்."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. பூபாலன் படிக்கவே இல்லை. கையெழுத்து இருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். மாணவனாக இருந்தபோதும் அப்படித்தான். "சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல" என்றார். முன்பு ஒருமுறை அச்சிலேயே சொல்லியிருக்கிறார்.

ஆடு செத்ததாகச் சடையாண்டி சொன்னது பற்றிப் பின்னர் யோசிக்க வேண்டும். ஆடு பச்சையாக மேய்ந்திருக்கும். இவர்கள் காய்ச்சி, நீர்த்து, பாகு சேர்க்கிறார்கள். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததாகப் பூபாலனே சொன்னார். எலிகள் பிழைத்தனவாம்.

ஜனவரி 21, ஞாயிறு

124/78. சந்தை. செவந்தி வழக்கமான இடத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். கல்பாசி, தேன், கொஞ்சம் கடுக்காய். அவளுக்கும் ஐம்பது வயதாகப் போகிறது. அப்பாவுக்குப் பிறகு குடியில் அவள்தான் வைத்தியம் பார்க்கிறாள்.

"வாத்தியாரய்யா, எங்கப்பன் பாட்டில்ல வந்திருச்சு, பாத்தீகளா?" என்று சிரித்தாள். "கம்பெனிக்காரக முகாம் போட்டு நாப்பது பாட்டில் சும்மா குடுத்துட்டுப் போனாக. எங்காளு மொக்கையனுக்கு முட்டிவலி. தேனெடுக்கக் கொடியில தொங்குனா ராத்திரி பூரா முனகுறாரு. மாமனாரு மொகத்தப் பாத்ததும், நான் இதத்தான் குடிப்பேன்னு ஒரே பிடி. ரெண்டு வேளை குடிக்கிறாரு."

"நீயே காய்ச்சிக் குடுக்கலாமே?"

"அந்தப் பாறைக்கு எங்க போக விடுறாக? புலிக்காடுன்னு பாரஸ்ட்டுக்காரக கேட்டு போட்டு அடைச்சாச்சு. அதுவும் போக, எனக்கும் மூச்சு வாங்குது. வாசன என்னமோ வேற மாதிரிதான் இருக்கு. பாகு ஊத்திருக்காகள்ல, அதா இருக்கும்."

சொல்லிவிட நினைத்தேன். அதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது. அரை லிட்டர் தேன் வாங்கினேன்.

ஜனவரி 22, திங்கள்

136/86. நேற்றைய பதிவில் ஒரு திருத்தம். பஸ் வந்தது நான் தேன் வாங்கி இருபது நிமிடம் கழித்து. அந்த இருபது நிமிடமும் கல்பாசியில் எத்தனை வகை என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது சொன்னால் அவள் கம்பெனிக்காரர்களிடம் கேட்பாள். அவர்கள் பூபாலனிடம் கேட்பார்கள். விழா நின்றுவிடும். முப்பத்தாறு வருடம் காத்திருந்தவன் முப்பத்தைந்து நாள் காத்திருக்க முடியாதா? எலிகள் பிழைத்திருக்கின்றன.

ஜனவரி 28, ஞாயிறு

சந்தையில் செவந்தி இல்லை. கல்யாணம், காது குத்து ஏதாவது இருக்கும். வேப்பெண்ணெய்க் கரைசலுக்குக் கம்பளிப்பூச்சி சாகவில்லை. சௌந்தரம் என்னைக் கேட்காமல் பந்தத்தால் கொளுத்திவிட்டாள்.

பிப்ரவரி 4, ஞாயிறு

இன்றும் செவந்தி இல்லை. அவள் இடத்தில் அதே குடியைச் சேர்ந்த வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்காமலே சொன்னாள்.

"அது புருசனோட தேனி ஆஸ்பத்திரில கெடக்கு. அந்த மனுசனுக்குக் காலு ரெண்டும் பூசணிக்காயா வீங்கிருச்சு. மூத்திரம் கடுங்காப்பி மாதிரி. நாலு நாளா அதுவும் நின்னுபோச்சு."

"கஷாயம் குடிச்சாரா?"

"மாமனாரு மருந்துல்ல, அத நிறுத்துவாரா? வீங்க வீங்கக் கூட ஒரு மூடி."

வீடு வந்து சேர்ந்தபோது பையில் என்ன காய் வாங்கினேன் என்று தெரியவில்லை. மாலை 168/100. மறுபடி பார்த்தேன். 172/102.

பிப்ரவரி 6, செவ்வாய்

நேற்றே போயிருக்க வேண்டும். நேற்று போகவில்லை.

காலை முதல் பஸ்ஸில் தேனி. பச்சை நோட்டையும் ஒரு பாட்டிலையும் எடுத்துக்கொண்டேன். சிறுநீரகப் பிரிவில் ஒரு பெண் மருத்துவர். நோட்டைத் திறந்து காட்டி, செடியின் பெயரைச் சொன்னேன். அவர் வேகமாக எழுதிக்கொண்டார். நர்ஸைக் கூப்பிட்டு, கட்டிலுக்கு அடியில் இருக்கும் பாட்டிலை எடுக்கச் சொன்னார். கட்டிலுக்கு அடியில் இருந்திருக்கிறது. காலையிலும் ஒரு மூடி கொடுத்திருக்கிறார்கள்.

"பதினஞ்சு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா டயாலிசிஸ் வரைக்கும் போயிருக்காதுங்க" என்றார் மருத்துவர். "இது விஷச்செடின்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்துதான்" என்றேன்.

மொக்கையன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். நூறடிப் பாறையில் கொடியைப் பிடித்துத் தொங்கும் கைகள். இப்போது ஊசி குத்தின இடமெல்லாம் கன்றிப் போயிருந்தன.

வராந்தாவில் செவந்தி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் சொன்னேன். முழுதும் அல்ல. நான் முதலில் தவறாக எழுதினேன், பிறகு அவள் அப்பா திருத்தினார், தவறான நோட்டைப் பூபாலன் திருடிக்கொண்டார், அதிலிருந்துதான் இந்தக் கஷாயம் என்றேன். குறுக்கிடாமல் கேட்டாள்.

"அந்த நீலப் பொஸ்தகம் எங்க இருந்துச்சு?"

"காலேஜ் அலமாரில. பூட்டித்தான் வச்சிருந்தேன்."

"சாவி?"

பச்சை நோட்டைப் பைக்குள் வைத்தேன்.

"நீங்க சாவிய அரணாக்கயித்துலல்ல கட்டியிருப்பீக" என்றாள். "ஓடையில குளிக்கிறப்பகூட அவுக்க மாட்டீக. வாத்தியாருக்கு இடுப்புல மணின்னு எங்கப்பன் சிரிக்கும்."

எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி 7, புதன்

160/96. ஜனவரி 4, ஜனவரி 8 பதிவுகளுக்குத் திருத்தம்.

நோட்டு திருடு போகவில்லை. நான் வெளியூர் போகும் நாட்களில் மேசையில் விட்டுச்செல்லும் குறிப்புகளைப் பூபாலன் பிரதி எடுக்கிறார் என்பது 1987 ஜூலையிலேயே எனக்குத் தெரியும். பக்கங்களில் அவருடைய வெற்றிலைக் கறை இருந்தது. கேட்க வாய் வரவில்லை; அலமாரியில் வைத்துப் பூட்டத் தொடங்கினேன். செப்டம்பரில் சடையாண்டி உண்மையைச் சொன்ன பிறகு, பச்சை நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீல நோட்டை அலமாரியில் முன்வரிசையில் வைத்தேன். அக்டோபர் 9, வெள்ளிக்கிழமை, அரணாக்கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து அவருடைய மேசைக்கும் என் மேசைக்கும் நடுவே மறந்ததுபோல் வைத்துவிட்டு ஊருக்குப் போனேன். திங்கட்கிழமை சாவி அங்கேயே இருந்தது. நோட்டு இல்லை.

வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வார், சிரித்து அனுப்புவார்கள் என்று நினைத்தேன். தேர்வுக்கு நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். யாருமே கண்டுபிடிக்கவில்லை. கை தட்டினார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஹெர்பேரியத்தில் ஒரு தாளில் தவறு தெரிந்தால், தெரிந்தவன் திருத்தச் சீட்டு எழுதி அதே தாளில் ஒட்ட வேண்டும். இந்தத் தொழிலின் முதல் ஒழுக்கம் அது. பதினான்கு சீட்டுகளையும் 1987-லேயே எழுதினேன். தேதியும் கையெழுத்தும் இருக்கின்றன. ஒட்டவில்லை. ஒரு பழுப்பு உறையில் இதோ என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. தாள் ஒட்டி உதவியவன் நான்.

பிப்ரவரி 8, வியாழன்

பூபாலனுக்குப் போன் செய்தேன். மூன்றாவது முறை எடுத்தார். செடி தவறு, ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பாட்டில்களைத் திரும்ப எடுங்கள் என்றேன்.

"யாரு, அந்த மொக்கையனா? அவன் குடிகாரன் சார். அங்க எல்லாருமே அப்படித்தான். கிட்னி போறதுக்குக் கஷாயமா வேணும்?"

"அவர் குடிக்க மாட்டார். தேனெடுக்கிறவர்."

"சார்." குரல் மாறியது. "உங்க கையெழுத்தும் அதுல இருக்கு. பாத்துப் பேசுங்க. வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கு?"

போனை நான்தான் முதலில் வைத்தேன். அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அறுபது வயதுக்குமேல் எனக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது.

பிப்ரவரி 9, வெள்ளி

உரிம அதிகாரிக்குப் பதினொரு பக்கக் கடிதம். பச்சை நோட்டின் நகல், மருத்துவரின் குறிப்பு, பாட்டிலின் படம், சான்றிலுள்ள என் வாசகத்துக்கு விளக்கம். நோட்டு 'காணாமல் போனது' என்று எழுதினேன். சாவியைப் பற்றி எழுதவில்லை. இப்போது அது தேவையில்லை. முதலில் பூபாலன் விழட்டும்.

பிப்ரவரி 16, வெள்ளி

தும்பிப்பாறையில் மேலும் ஆறு பேருக்கு வீக்கம். கஷாயத்தை நிறுத்தியதும் வடிந்துவிட்டதாம். அதிகாரி 22-ஆம் தேதி நேரில் வருகிறார். பூபாலனுக்கும் ஆணை போயிருக்கிறது. என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். 138/84.

"மலையேறப் போறீகளா? இந்த வயசுலயா?" என்றாள் சௌந்தரம். "போங்க, போங்க. அந்தாளு மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு வந்து எனக்கும் சொல்லுங்க."

பிப்ரவரி 22, வியாழன்

எல்லாவற்றையும் வரிசையாக எழுத முயல்கிறேன்.

வனத்துறை அனுமதி வாங்கி, வனக்காவலர் ஒருவருடன் பாறைக்கு ஏறினோம். முன்னால் செவந்தி, பிறகு அதிகாரி, பூபாலன், நான். பூபாலன் நகரத்து ஷூ போட்டிருந்தார். மூன்று முறை வழுக்கினார். மூன்றாவது முறை கையை நீட்டினார். நான் குடையை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டேன். அவர் முட்டியில் சிராய்ப்பு. சாயம் வியர்வையில் கரைந்து காதோரம் கறுப்பாக வழிந்தது. இதையெல்லாம் ரசித்தேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

பாறை வெடிப்பில் இரண்டு செடிகளும் அருகருகே நின்றன. "உங்கப்பாவோட மூட்டு மருந்து எதும்மா?" என்று அதிகாரி கேட்டார். செவந்தி பாறையைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு செடியின்மேல் கையை வைத்தாள்.

பூபாலன் முன்னால் வந்தார். "பாத்தீங்களா சார்? அதேதான். 209. இவங்களே காட்டுறாங்க."

"கைக்கு இடப்பக்கம் பாருங்க" என்றேன். வழக்கத்தை அதிகாரிக்கு விளக்கினேன். செடிகளைப் பற்றி மட்டும். செவந்தி ஆமாம் என்று தலையாட்டி, இடப்பக்கச் செடியில் ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். கை வைத்த செடியிலும் ஓர் இலையைக் கிள்ளி, பூபாலனிடம் நீட்டினாள்.

"நீங்க தின்னுங்க" என்றாள்.

அவர் வாங்கவில்லை. அதிகாரி அதைப் பார்த்தார். பூபாலன் என் பக்கம் திரும்பினார். "சார், இத நீங்க எங்கிட்டச் சொன்னதே இல்லையே?" குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. இருபத்தைந்து வயது மாணவனின் குரல்.

என் பதினேழில் ஒன்றைச் சொன்னேன். ஏழாவது. "தாள் ஒட்டினவன்கிட்ட எதுக்குச் சொல்லணும், பூபாலன்?"

முப்பத்தாறு வருடம் காத்திருந்த வாக்கியம். நன்றாகத்தான் இருந்தது.

பிறகு குடிக்கு இறங்கி வந்தோம். அதிகாரி ஒவ்வொருவரிடமும் வாக்குமூலம் எழுதினார். கடைசியாகச் செவந்தி. நாங்கள் மூவரும் வேங்கை மரத்தடியில் நின்றோம். நடுவில் பூபாலன். அவருக்கு ஒரு பக்கம் அதிகாரி, மறுபக்கம் நான். செவந்தி எங்களைப் பார்த்து நின்றாள்.

"இத்தனை பேருக்கு உடம்பு கெட்டதுக்கு யாரு காரணம்னு நினைக்கிறீங்கம்மா? பயப்படாமச் சொல்லுங்க."

செவந்தி இரண்டடி முன்னால் வந்தாள். யாரையும் விரல் நீட்டவில்லை. வலக்கையை எடுத்துப் பூபாலனின் தோள்மேல் வைத்தாள். சற்று நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

அதிகாரி "சரிம்மா" என்று எழுதிக்கொண்டார்.

அவளுடைய கைக்கு இடப்பக்கம் நான் நின்றிருந்தேன்.

என்னைப் பார்க்காமல் கையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரி 25, ஞாயிறு

விழா நடக்கவில்லை. கிடங்குக்கு சீல். பூபாலன்மேல் வழக்கு. அவருடைய பட்டத்தையும் மறுபரிசீலனை செய்கிறார்களாம். செய்தித்தாளில் அவர் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு காரில் ஏறும் படம் வந்திருந்தது. சௌந்தரம் அதை வெட்டிச் சமையலறையில் ஒட்டிவிட்டாள். "தினம் அரிசி களையுறப்பப் பாக்கலாம்ணே."

நான் விரும்பியது எல்லாம் நடந்துவிட்டது. 174/104.

மார்ச் 3, ஞாயிறு

மொக்கையன் வீட்டுக்கு வந்துவிட்டார். வாரம் இரண்டு முறை தேனிக்குப் போக வேண்டும். இனி பாறையில் தொங்க முடியாது. செவந்தி சந்தைக்கு வந்திருந்தாள். சாக்கில் கல்பாசி மட்டும் இருந்தது, தேன் இல்லை. அவள் முன்னால் போய் நின்றேன்.

"செவந்தி, அன்னைக்கு நீ கை வச்சது..."

"அதான் உங்களுக்குத் தெரிஞ்சிருச்சே" என்றாள், கல்பாசியை அள்ளிக்கொண்டே. "எங்கப்பன் சொல்லிக் குடுத்ததுதான. கால் கிலோவா, அரைக் கிலோவா?"

மார்ச் 4, திங்கள்

காலை முழுதும் உரிம அதிகாரிக்கு இரண்டாவது கடிதம். இந்த முறை ஒன்றரைப் பக்கம்தான். 1987 அக்டோபர் 9 பற்றியும், ஜனவரி 21-ல் சந்தையில் சும்மா நின்ற இருபது நிமிடம் பற்றியும் எழுதினேன். மருத்துவரிடம் 'நேத்துதான்' என்றது பொய் என்றும் எழுதினேன். இதனால் பூபாலனுக்குத் தண்டனை குறையக்கூடும். அந்த வரியை மட்டும் ஒருமுறை அடித்துவிட்டு, மீண்டும் எழுதினேன்.

பதினான்கு திருத்தச் சீட்டுகளையும் வைத்தேன். அரணாக்கயிற்றில் இன்னும் கட்டியிருந்த அந்த அலமாரிச் சாவியை அவிழ்த்து அதையும் உள்ளே போட்டு உறையை ஒட்டினேன்.

தபால் ஆபீசில் கவுண்டரில் இருந்த பெண் உறையைத் தடவிப் பார்த்தாள்.

"உள்ள என்னமோ கெட்டியா இருக்கே சார்?"

"சாவிம்மா."

"சாவியா? தபால்ல போடுறீங்க, தொலஞ்சு போயிரப் போகுது."

"தொலையாது. அன்னைக்கு மேசைமேல வச்சுட்டுப் போனப்பவே தொலையல."

அவளுக்குப் புரியவில்லை. முத்திரையைக் குத்தி, ரசீதைக் கொடுத்தாள்.

இன்று ரத்த அழுத்தம் பார்க்கவில்லை.